ஏரிக்கரையில் நான்கு கேள்விகள்

"சுவாமி, இந்தப் பிள்ளைகளுக்கு இனி என்னால் பாடம் எடுக்க முடியாது" என்றார் மாசிலாமணி.

அந்த ஏரிக்கரை மடத்தில் பதினாறு வயதை ஒட்டிய பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அன்றாடம் வரும் சிக்கலைத் தீர்க்க நான்கு கேள்விகளைப் பழக்குவது மாசிலாமணியின் வேலை. என்ன தெரிகிறது? எங்கே தொடங்குகிறது? என்ன செய்யலாம்? செய்தது பலித்ததா?

"கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். குழம்பு தீய்ந்தால்கூட என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்."

"பார்த்தால் நீ என்ன செய்வாய்?" என்றார் மடத்துத் தலைவரான அடிகள்.

"வழியைச் சொல்லிவிடுவேன். வேறென்ன செய்ய?"

அடிகள் தன் உதட்டில் விரலை வைத்தார்.

"நாளைப் பொழுது சாயும்வரை பேசாதே. சைகையும் காட்டாதே."

இது என்ன பெரிய தவமா என்று நினைத்துத்தான் மாசிலாமணி வாக்குக் கொடுத்தார். அவருடைய வாய்க்கு அது பெருந்தவம், பாவம்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. பிள்ளைகளில் ஒருத்தியான பொற்றொடி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐயா, கரை ஒழுகுது."

எல்லோரும் ஓடினார்கள். கரையின் வெளிப்பக்கம், அடியில், கைமணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சியது. நேர் கீழே இருபது வீடுகள். கரை போனால் அத்தனையும் போகும்.

பிள்ளைகள் மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஓட்டையில் மண்ணைக் கொட்டி அடையுங்கள் என்ற சொல் அவர் தொண்டைவரை வந்துவிட்டது. பேச விடும்படி, பின்னால் வந்து நின்ற அடிகளைப் பார்த்துக் கும்பிட்டார். அடிகள் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

இவரும் ஒரு மனுஷனா என்று மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானே கூடையை எடுத்தார். மண்ணை அள்ளி அந்த ஓட்டையில் கொட்டத் தொடங்கினார்.

பொற்றொடி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"வேலா, நீ ஓடிப் போய்க் கீழ இருக்கிறவங்களை மேட்டுக்கு ஏறச் சொல்லு. மத்தவங்க சொல்லுங்க, என்ன தெரியுது?"

"தண்ணி கலங்கலா வருது" என்றான் ஒருவன்.

"ஏரித் தண்ணி தெளிவாத்தானே இருக்கு?"

"அப்போ உள்ளே கரை மண்ணு கரையுது."

"எங்கே தொடங்குது?"

கேட்டுக்கொண்டே பொற்றொடி கரைமேல் ஏறினாள். ஒரு கை சருகை அள்ளி ஏரிக்குள் தூவினாள். சருகுகள் மிதந்தன. ஓர் இடத்தில் மட்டும் மெல்லச் சுற்றின. சுற்றிச் சுற்றி உள்ளே போய்விட்டன.

"அதோ, தண்ணி நுழையிற வளை அங்கே இருக்கு. என்ன செய்யலாம்?"

"வைக்கோலைத் திரிச்சு உள்ளே திணிக்கலாம்."

"அதுக்கு மேல களிமண் மூட்டை."

இரண்டு பையன்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வைக்கோலும் களிமண் மூட்டையுமாக நீரில் இறங்கினார்கள். மற்றவர்கள் கரையில் நின்று கயிற்றைப் பிடித்தார்கள். ஒருவரும் கத்தவில்லை.

கீழே மாசிலாமணி பதினேழாவது கூடையைக் கொட்டியபோது, ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளிப் புதிதாக இன்னொன்று பீய்ச்சியது. கூடை அவர் கையிலிருந்து விழுந்தது.

அவர் கண்ணெதிரேயே இரண்டு பீய்ச்சலும் மெலிந்தன. பிறகு சொட்டு. பிறகு அதுவும் இல்லை.

பொற்றொடி இறங்கி வந்து, ஈர மண்ணில் கையை வைத்துப் பார்த்தாள்.

"யாரும் போகாதீங்க. பலிச்சுதான்னு இன்னும் தெரியாது."

வேலனும் திரும்பி வந்துவிட, பன்னிரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சாயங்காலம்வரை கரையைக் கவனித்தார்கள். மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தான் ஒரு வருடமாகக் கத்திக் கத்திச் சொன்ன கேள்விகள் இவ்வளவு பெரியவை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. மேட்டிலிருந்து திரும்பியவர்கள் கீழே வீடுகளில் விளக்கு ஏற்றினார்கள்.

மாசிலாமணி அடிகளிடம் போனார்.

"சுவாமி, காலையில் நான் வாய் திறந்திருந்தால்?"

அடிகள் இருபது வீடுகளையும் ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளைகள் உன் சொல்லைத் தட்டியிருக்க மாட்டார்கள்."