தானே மூடிக்கொண்ட வளை

குளக்கரை மேட்டில் சுந்தரவல்லி என்றோர் எலி தனியாக இருந்தாள். போன மழைக்கு அவள் குடும்பமே வெள்ளத்தோடு போய்விட்டது. அன்றிலிருந்து பயம் அவளை விடவில்லை.

அதனால், வரும் ஆபத்துக்குத் தக்கபடி தானே மாறும் வளை ஒன்றைக் கட்டினாள். கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக்கூடாது! சுற்றிலும் கல் பதித்தாள். கீழ்வாசலில் நெட்டிக்கட்டை. தண்ணீர் ஏறினால் அது மிதந்து வாசலை அடைக்கும். அவள் மேல்வாசல் வழியே ஓடலாம். மேல்வாசலில் குச்சி தாங்கி நிற்கும் கல். பாம்பு உரசினால் குச்சி சாயும், கல் விழுந்து அடைக்கும். அவள் கீழ்வாசல் வழியே ஓடலாம்.

பக்கத்துத் தவளை பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தான். "அக்கா! நானும் உள்ளே வரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! நீ குச்சியில இடிச்சா கல்லு விழுந்துடும்!"

"சரி, தண்ணியும் பாம்பும் சேர்ந்து வந்தா?"

"அதெப்படிடா சேர்ந்து வரும்?"

"வெள்ளம் வந்தா பாம்பும் மேடு தேடித்தானே வரும்! பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க?"

"வாயைக் கழுவு! போய் உன் வேலையைப் பாரு!"

அவன் முகம் வாடித் திரும்பினான். அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. பேச ஆளில்லாமல் அவளுக்கு நெஞ்சு கனத்தது. கூப்பிடலாமா என்று நினைப்பாள். குச்சி ஞாபகம் வரும், பேசாமல் இருந்துவிடுவாள்.

ஐப்பசி மழை கொட்டியது. குளம் நிரம்பி மேட்டில் ஏறியது. நெட்டி மிதந்து கீழ்வாசலை அடைத்தது. "அப்பாடா!" என்று மேலே ஓடினாள். அதே நேரம் நனைந்த பாம்பொன்று மேடு தேடி வந்து குச்சியை உரசியது. தொப்பென்று கல் விழுந்தது!

எல்லாம் அவள் திட்டமிட்டபடியேதான் நடந்தது. அதுதான் கொடுமை.

ஒரே இருட்டு. நெட்டி இடுக்கில் தண்ணீர் கசிந்தது. கால் நனைந்தது, வயிறு நனைந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள். தன் குரலைத் தானே கேட்டு வெகுநாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

பாம்பு போனதும் வெளியே ஒரு கரகரத்த குரல். "அக்கா! நான்தான்! இந்தக் கல்லை எப்படித் திறக்கிறது?"

கல்லுக்கடியில் சாய்ந்து கிடக்கும் குச்சியை வெளியிலிருந்து இழுத்தால் போதும், கல் புரண்டுவிடும். அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

"குச்சியை இழுடா தம்பி! குச்சி!" அவளுடைய கீச்சுக்குரல் கல்லைத் தாண்டவில்லை.

பொன்னுரங்கம் கல்லை முட்டினான். முட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே தண்ணீர் கூரை வரை நிறைந்துவிட்டது, கேட்கத்தான் அவள் இல்லை.

ஆபத்துகளைத் தனித்தனியாக எண்ணி வழி செய்தால் போதாது. அவை சேர்ந்து வரும் நாளுக்கும் வழி வேண்டும், அந்த வழி வெளியே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.