வண்டார்குழலியின் முதுகு

மலையடிவாரக் காட்டில் வண்டார்குழலி என்றொரு பெண்கரடி வாழ்ந்தது. தேனடையைப் பிய்த்துத் தின்றுவிட்டு அது நடந்தால், பிடரியில் ஒட்டிய தேனை நாடி வண்டுகள் இசைபாடிக்கொண்டே பின்தொடரும். அதனால்தான் அந்தத் திருப்பெயர். அதன் முதுகின்மேல் செல்லி என்னும் குட்டி, கருமுடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, யானைமேல் எழுந்தருளும் உற்சவமூர்த்தி போல உலா வரும்.

கரடிக் குலத்தில் குட்டிக்குத் தாயின் முதுகே கோட்டை. ஏனெனில் அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது.

"முதுகில் இருக்கும் குட்டி உனக்கு! தரையில் விழும் குட்டி எனக்கு! காட்டு வழக்கம் தெரியுமல்லவா?" என்று அது பாறைமேல் படுத்தபடியே கேட்கும்.

"விழுந்தால் அல்லவா!" என்று உறுமிவிட்டுக் கரடி தன் வழியே போகும்.

மாசி மாதம் பிறந்தது. காட்டோரத்துக் கரும்புத் தோட்டத்தில் வெல்லம் காய்ச்ச ஆலை போட்டார்கள். அந்தி சாய்ந்து ஆட்கள் வீடு திரும்பியதும், கொப்பரையின் அடியில் பாகு ஒட்டியிருக்கும். சிந்திய வெல்லத் துண்டுகள் கிடக்கும். ஒருநாள் கரடி அதை நக்கிப் பார்த்தது. அவ்வளவுதான்! நகம் தேயப் புற்றைத் தோண்டி, மண்ணை ஊதித் தள்ளிக் கரையானை உறிஞ்சும் வேலை அதற்குக் கசந்துவிட்டது. அந்திக்கும் வெல்லம், விடியலுக்கும் வெல்லம்.

நெடுநாள் அதனோடு ஒரே புற்றில் பசியாறிய அழுங்கு, அதாவது செதில் போர்த்த எறும்புதின்னி, வழிமறித்துக் கேட்டது.

"என்ன தங்கச்சி, புற்றுப் பக்கமே தலைகாட்டுவதில்லையே?"

"மண்ணை மோந்து காலம் கழித்தது போதும், அண்ணா! நீயே வைத்துக்கொள் உன் புற்றை!"

அழுங்கு தன் புற்றைப் பார்த்து நடந்தது.

சித்திரை வந்தது. கரடியின் உரோமம் மங்கியது, பிறகு உதிர்ந்தது. அது நுழைந்து வந்த முட்புதர்களில் எல்லாம் கொத்துக் கொத்தாக முடி தொங்கியது. ஒருநாள் சரிவில் இறங்கும்போது செல்லி பொத்தென்று கீழே விழுந்தது. விழுந்த குட்டி தன் மூடிய கையைத் திறந்து காட்டியது.

"அம்மா, உன் முடி என் கையோடு வந்துவிட்டது!"

பாறைமேலிருந்து சிறுத்தை சிரித்தது.

அலறிப் புடைத்துக்கொண்டு கரடி மந்தியிடம் ஓடிற்று. கூந்தல் வைத்தியத்தில் தன்னை வெல்ல ஆளில்லை என்று மரத்துக்கு மரம் சொல்லித் திரியும் மந்தி அது.

"இது கண்ணேறு, அக்கா! கண்ணேறேதான்!" என்றது மந்தி. "இலுப்பை விதையைக் கரிசலாங்கண்ணியோடு நசுக்கி எண்ணெய் எடுத்துத் தருகிறேன். ஏழு நாள் பூசு. எட்டாம் நாள் உன் முதுகில் கார்மேகம் குடியேறும்! தட்சிணை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாளுக்கு நான்கு வெல்லக்கட்டி."

கரடி பூசியது. முதுகு பளபளவென்று மின்னியது.

"அம்மா, வழுக்குகிறதே!" என்றது செல்லி.

"மருந்து என்றால் அப்படித்தான். இறுகப் பிடித்துக்கொள்!"

எதைப் பிடிப்பது? இருந்த நான்கு முடியிலும் எண்ணெய்!

ஐந்தாம் நாள் சிறுத்தை பாய்ந்தது. செல்லி தாயின் முதுகில் தாவி ஏறியது. திருவிழாவில் வழுக்குமரம் ஏறியவன் போல, ஏறிய வேகத்தில் சறுக்கித் தரையில் விழுந்தது. சிறுத்தையின் நகம் அதன் பின்னங்காலைப் பற்றிவிட்டது. கரடி திரும்பி நிமிர்ந்து ஓங்கி அறைந்த அறையில் சிறுத்தையின் கன்னம் கிழிந்தது. திருவருள் துணைநின்றது, குட்டி பிழைத்தது.

"எண்ணெய் கொடுத்த மந்திக்கு என் நன்றியைச் சொல்! மறுபடி வருவேன்!" என்று கத்திக்கொண்டே சிறுத்தை மறைந்தது.

அன்று மாலை கரடி ஓடையில் அமர்ந்து, மணலை அள்ளி அள்ளி முதுகில் தேய்த்து எண்ணெயைக் கழுவியது. கரையில் செல்லி காயத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கரடிக்குத் தன் தாயின் நினைவு பொங்கியது. எப்பேர்ப்பட்ட முதுகு அது! முகத்தைப் புதைத்தால் பகலிலேயே இருட்டிவிடும். அடைமழை பெய்தாலும் உள்ளே ஒரு துளி இறங்காது. அம்மாவின் மூக்கில் என்றும் செம்மண் அப்பியிருக்கும். புற்றில் வாயை வைத்து அவள் 'சுர்ர்' என்று உறிஞ்சும் ஓசை, முதுகெலும்பு வழியாக ஏறி வந்து, மேலே கிடக்கும் குட்டியின் வயிற்றில் அதிரும். அந்த அதிர்வே தாலாட்டு. எத்தனை அந்திப்பொழுதுகள் அப்படி உறங்கிக் கழிந்தன! அந்த முதுகு எங்கே, இந்த முதுகு எங்கே! அம்மா எதையும் பூசிக்கொண்டதாக அதற்கு நினைவே இல்லை.

அப்போது அழுங்கு தண்ணீர் குடிக்க வந்தது.

"என்ன தங்கச்சி, வெல்லம் இன்னும் தித்திக்கிறதா?"

"குத்திக்காட்டாதே, அண்ணா. இன்று என் குட்டி போயிருக்கும்."

குட்டியின் காலைப் பார்த்ததும் அழுங்கின் குரலில் கேலி அடங்கிவிட்டது. "என் செதிலைத் தட்டிப் பார்," என்றது.

கரடி தட்டியது. "கல்லாக இருக்கிறதே!"

"இதற்கு நான் என்ன பூசுகிறேன்?"

"நீ எதையும் பூசி நான் பார்த்ததில்லையே!"

"பூசவில்லை, தின்கிறேன்! கரையானில் இருக்கும் புரதச் சத்துதான் எனக்குச் செதிலாகிறது, உனக்கு உரோமமாகிறது. உடம்பு ஒரு பந்தி, தங்கச்சி. உயிருக்கு முதல் இலை. குட்டிக்குச் சுரக்கும் பாலுக்கு அடுத்த இலை. முடிக்குக் கடைசி இலை. நீ கொண்டுவந்து கொட்டியதோ வெறும் இனிப்பு. கடைசி இலை காயாமல் என்ன செய்யும்?"

கரடி தலைகுனிந்தது. "இப்போது தின்றால் நாளைக்கே முளைத்துவிடுமா?"

"நாளைக்கு முளைப்பது காளான்! முடி மாதத்துக்கு அரை விரற்கடை வளர்ந்தாலே பெரிது. பொறுத்திரு."

மறுநாளே கரடி பழைய புற்றுக்குத் திரும்பியது. வெல்லத்தில் ஊறிய நாக்குக்குக் கரையான் சப்பென்றிருந்தது. நகம் வலித்தது. காற்றில் பாகு மணம் வந்தபோதெல்லாம் கால்கள் தாமாகவே ஆலைப் பக்கம் திரும்பின. பாறை இடுக்கில் ஒளித்துவைத்த குட்டியை நினைத்துக்கொண்டு, அது மீண்டும் மண்ணில் மூக்கைப் புதைத்தது.

மந்தி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. "அக்கா, மருந்து தயார்! வெல்லம் எங்கே?"

"வெல்லமும் இல்லை, மருந்தும் வேண்டாம். பசித்தால் இறங்கி வா, கரையான் தருகிறேன்!"

"சீச்சீ, பூச்சியா!" என்று மந்தி தாவி ஓடிவிட்டது.

ஆடி மழைக்கு ஈசல் புறப்பட்டது. கரடி வயிறார உண்டது. புழுவோடு கூடிய தேனடை, தரைக்கூட்டில் கிடைத்த பறவை முட்டை, நாவற்பழம், ஈச்சம்பழம் என்று காடு அளித்ததை எல்லாம் வேளைக்கு வேளை தின்றது. முதலில் முதுகில் பஞ்சுபோல் ஏதோ அரும்பியது. ஆவணியில் அது கறுத்தது. புரட்டாசியில் குட்டியின் விரலை மறைத்தது.

அந்தப் புரட்டாசியில்தான், ஓடைக்குப் போகும் வழியில் சிறுத்தை மறுபடியும் குறுக்கே குதித்தது.

"செல்லி, ஏறு!"

குட்டி தாவியது, இரண்டு கைகளையும் முடிக்குள் புதைத்தது. கரடி பின்னங்கால்களை ஊன்றி நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நின்றது. சிறுத்தை கரடியைப் பார்க்கவில்லை; குட்டி வந்து விழப்போகும் தரையையே பார்த்தது. ஒன்றும் விழவில்லை.

"நான் விடமாட்டேன், அம்மா! நீ அடி!" என்று முதுகிலிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது.

கரடி ஓர் அடி முன்வைத்தது. சிறுத்தை ஓர் அடி பின்வைத்தது. கிழிந்து ஆறிய கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, "இந்த ஆண்டும் எனக்கு முயல்தான் எழுதியிருக்கிறது!" என்று முணுமுணுத்துப் புதருக்குள் நழுவியது.

மேனியின் வளம் மேலே பூசும் பூச்சால் வருவதன்று. உள்ளே உண்ணும் நல்லுணவாலும், அது பலன் தரும்வரை காத்திருக்கும் பொறுமையாலும் வருவது.