இளம் ரோஸ் நிறம்

பெனிலாவுக்கு வேதியியல் என்றால் உயிர். பத்தாம் வகுப்பில் அறிவியலில் பள்ளிக்கே முதல் மார்க். பிளஸ் ஒன்னில் நுழைவுத்தேர்வுக்கென்று வேகமாக நடத்தும் ஸ்பெஷல் வகுப்பு ஒன்று உண்டு. அதில் கேட்டவுடனே இடம் கொடுத்துவிட்டார்கள். அவள் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னதும் போதாமல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, இது ஆண்டவர் செய்த நன்மை என்று சாட்சியும் சொல்லிவிட்டாள்.

வேதியியலில் மோல் கணக்கு ஆரம்பித்த அன்றைக்கே பெனிலாவுக்குப் பிடி விட்டுப்போயிற்று. மற்றவர்கள் தலையாட்டினார்கள், இவளும் ஆட்டினாள். பூம்பூம் மாடு தோற்றது போங்கள். சந்தேகம் கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயம். வீட்டில் புத்தகத்தைத் திறந்த வேகத்தில் மூடி வைத்தாள். கெமிஸ்ட்ரியே எனக்குப் பிடிக்கல என்று ஒருநாள் தம்பியிடம் சொன்னாள். சொன்ன பிறகு தாங்க முடியாமல் அழுதாள்.

மறுநாள் மதியம் லேபுக்குப் போய் ரெஜினா டீச்சர் முன்னால் நின்றாள். ஸ்பெஷல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் வேதியியல் எடுப்பது அவர்தான். இவள் தலையாட்டுவதை அவர் எத்தனையோ நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

“டீச்சர், நான் எந்த வகுப்புல இருக்கணும்?”

டீச்சர் அலமாரியிலிருந்து ப்யூரெட்டை, அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாயை, எடுத்தார். அதை ஸ்டாண்டில் மாட்டி, காரத்தை நிரப்பினார். ஒரு குடுவையில் அமிலம் எடுத்து, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு அவள் கையில் கொடுத்தார். மேலே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக இதில் விட வேண்டும், நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

பெனிலா திருகைத் திறந்தாள். டீச்சர் பார்க்கிறாரே என்ற வேகம் வேறு. குடுவை காகிதப்பூப் போலப் பளிச்சென்று சிவந்தது. இத்தனை நாளில் ஏதோ ஒன்று நன்றாக வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். வந்துட்டு டீச்சர் என்று தூக்கிக் காட்டினாள்.

முதன்முதலில் ப்யூரெட்டைத் தொடுகிற பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தப்புதான் இது. நிறம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடுவார்கள். டீச்சர் சற்று முன் தான் செய்து மூடி வைத்திருந்த இன்னொரு குடுவையை வெள்ளை டைலின் மேல் வைத்தார். வெறும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. குனிந்து உற்றுப் பார்த்தால் மட்டும் லேசாக ஒரு ரோஸ் நிறம் தெரிந்தது.

இதுதான் சரி, உன்னுடையது தாண்டிப் போயிற்று என்றார் டீச்சர்.

“கூடப் போன சொட்டைத் திரும்ப எடுக்க முடியுமா?”

“முடியாது டீச்சர்.”

“அப்ப என்ன செய்வே?”

பெனிலா குடுவையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். புதிதாக அமிலம் எடுத்தாள். இரண்டாம் தடவையும் தாண்டிப் போயிற்று. மறுபடி கழுவினாள்.

அடுத்த தடவை சொட்டுச் சொட்டாக விட்டாள். குடுவையைச் சுழற்றச் சுழற்ற நிறம் வருவதும் கலைவதுமாக இருந்தது. ஏன் கலைகிறது என்று கேட்டாள். அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றார் டீச்சர். இன்னும் எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். அதற்கும் சொன்னார். பள்ளி திறந்ததிலிருந்து பாடத்தில் அவள் வாய் திறந்து கேட்ட கேள்விகள் இவைதான். கடைசியில் ஒரு சொட்டு விழுந்தது. லேசாக நிறம் வந்தது, அப்படியே நின்றது. பெனிலா தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

“கழுவும்போது அவமானமா இருந்துச்சா?” என்று டீச்சர் கேட்டார்.

“இல்லையே டீச்சர். சரியா வரணும்னு மட்டுந்தான்…”

அவள் பாதியில் நிறுத்திக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து சாதாரண வகுப்புக்கு வரட்டுமா என்று மெல்லக் கேட்டாள். வா, ஜன்னல் பக்கம் இடம் இருக்கு என்றார் டீச்சர்.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

“அம்மா சர்ச்சுல சாட்சியே சொல்லிட்டாங்க டீச்சர். ஒம் மவ ஏன் அந்த வகுப்பை விட்டான்னு யாராவது கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க?”

டீச்சர் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“எம் மவ குடுவையைக் கழுவிக்கிட்டு இருக்கான்னு சொல்லச் சொல்லு.”