செருப்பு ஆர்க்கிட் ஏன் கை மறிக்கிறது

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. தாகம் எடுத்தால் கேட்கும், எரு குறைந்தால் சண்டைக்கு வரும். கத்தரிச்செடி விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்துவிடும். முருங்கை பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார்.

பொதிகை மலையின் உச்சியில், பாறை இடுக்குகளில், ஓர் ஆர்க்கிட் குடும்பம் இருந்தது. அதிகம் பேசாத சனம். சருகில் தங்கும் ஈரமும் மரங்களுக்கு ஊடே விழும் வெளிச்சமும் அவற்றுக்குப் போதும். பூவும் அப்போது வேறு மாதிரி. எல்லா இதழும் விரிந்து தட்டையாக இருக்கும்.

ஒரு கோடையில் மலையில் தீப்பிடித்தது. தீ அடங்கியதும், காணாமல் போன பசுவைத் தேடி அடிவாரத்து உலகம்மை மேலே ஏறினாள். பசு கிடைக்கவில்லை. கரிந்த பாறை ஒன்றின் இடுக்கிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"தாயி, கொஞ்சம் நில்லு."

பாதி வெந்துபோன ஆர்க்கிட் ஒன்று. அதன் மடியில் பச்சையாக ஒரு குட்டிச் செடி மட்டும் மிஞ்சியிருந்தது.

"எங்க கூட்டத்துல இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா எங்க வம்சமே போச்சு. கூட்டிட்டுப் போயி காப்பாத்திருவியா?"

உலகம்மை பாறையடியில் குந்தினாள். "என் உயிரக் குடுத்தாவது காப்பாத்துதேன்" என்றாள்.

தாய்ச்செடி குட்டியிடம் திரும்பியது. "இனிமே இவுகதான் உனக்குச் சித்தி. போற வீட்டுல மரியாதையா இருக்கணும். அன்பா குடுக்கறதை வேண்டாம்னு சொல்லப்பிடாது, கேட்டியா?"

குட்டி தலையாட்டியது. தாய் அத்தோடு கண்ணை மூடிவிட்டது.

இங்கே உலகம்மையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் வீட்டுக்கு விருந்து என்றால் உறவுக்காரர்கள் நடுங்குவார்கள். போதும் என்றவருக்கு இன்னும் ஒரு கரண்டி விழும். சொந்த அண்ணனே அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டான். அன்பு என்றால் அள்ளிப் போடுவது என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

அப்படிப்பட்டவள் கையில் அப்படிப்பட்ட செடி. என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன்.

"அடியில ஓட்டை போட்ட பழைய சட்டி கெடக்கே, அதுல வையேன்" என்றான் அவள் புருஷன் சொரிமுத்து.

"வந்த பிள்ளைய ஓட்டைச் சட்டியிலயா வைக்கது? ஊரு சிரிக்காது?" என்று சமையலுக்கு வாங்கிய புதுப்பானையை எடுத்தாள். குளத்துக் களிமண்ணும் சாணமும் பிசைந்து நிரப்பினாள். முற்றத்தில் நல்ல வெயிலில் வைத்தாள். இலை கருகியதும் பதறிப்போய் நிழலுக்கு மாற்றினாள். பிறகு தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

"குடி கண்ணு."

"சரி சித்தி."

"இன்னும் கொஞ்சம்?"

"சரி சித்தி."

போகும்போது ஒரு செம்பு, வரும்போது ஒரு செம்பு. அதுவும் உச்சந்தலையில், இலைக்குருத்து நனைய நனைய. இலை மஞ்சளானது. தாகம் தாளவில்லை போலிருக்கிறது என்று உலகம்மை இன்னும் ஊற்றினாள். பானையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தவளை ஒன்று குடிவந்தது. அதுவே சில நாளில் முகத்தைச் சுளித்தது.

"எனக்கே இது அதிகம். வாயத் தெறந்து சொல்லேன்" என்றது தவளை.

"அம்மா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"செத்துப்போவே."

"தெரியும்" என்றது செடி. அதன் வேர்கள் ஒவ்வொன்றாகக் கொழகொழத்துப் போய்க்கொண்டிருந்தன. சாவதற்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தாயின் கடைசிச் சொல்லை மீறவும், செம்போடு ஓடிவரும் அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் அதனால் முடியவில்லை.

இருந்த உயிரையெல்லாம் திரட்டி அது ஒரே ஒரு மொட்டு விட்டது. பூ விரிந்த அன்று காலை உலகம்மைக்குத் தலைகால் புரியவில்லை. செம்பில் போதாது என்று குடத்தையே தூக்கி வந்தாள்.

குடம் சரிந்தபோது, பூ அசைந்தது. கீழ் இதழைக் குழித்துக் கிண்ணமாக ஏந்தியது. மேல் இதழை மெல்ல வளைத்து அந்தக் கிண்ணத்தின் மேலே பிடித்தது. பந்தியில் வயிறு நிறைந்தவர், பரிமாறுகிறவர் மனம் நோகாமல், இலைக்கு மேலே கையை மறித்துக்கொண்டு சிரிப்பாரே, அதே போல. வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உலகம்மை எத்தனையோ பேருடைய மறித்த கை மேலேயே ரசத்தை ஊற்றியவள். ஆனால் இவ்வளவு சின்னக் கையை அவள் பார்த்ததில்லை. குடத்தை இறக்கி வைத்தாள்.

"போதுமா கண்ணு?"

தவளைதான் பானைக்குள்ளிருந்து கத்தியது: "எப்பவோ போதும்!"

சொரிமுத்து பானையைக் கவிழ்த்தான். நாற்றம் குப்பென்று அடித்தது. கறுத்த வேர்களை வெட்டி எறிந்தபோது உலகம்மை வாய்விட்டு அழுதாள். "நானே கொல்லப் பாத்தேனே, நானே கொல்லப் பாத்தேனே." அழுதுகொண்டே தடவியவள் விரலில், கெட்டியாக ஒரு வேர் தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று.

இந்தமுறை ஒவ்வொன்றையும் அவள் செடியிடமே கேட்டாள், அது ஆம் இல்லை என்று தலையசைத்துச் சொன்னது. ஓட்டைச் சட்டி வந்தது. களிமண்ணுக்குப் பதில் மரப்பட்டைத் துண்டும் கரித்துண்டும் சருகும் வந்தன. வெயில் நேராகப் படாத கிழக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலையில், குருத்து நனையாமல், வேருக்கு மட்டும் தண்ணீர். ஊற்றும் முன் விரலை விட்டு ஈரம் பார்ப்பாள். ஈரம் இருந்தால் செம்பைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். அவளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் கிடையாது. கை அரித்தது.

பூ உதிர்ந்தது. அதைத் தாங்கிய இலைக்கொத்தும் மெல்ல வாட ஆரம்பித்தது. உலகம்மை சாப்பாட்டை மறந்து ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு செம்பு ஊற்றிப் பார்க்கலாமா என்று கை போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் சொரிமுத்து கூப்பிட்டான். "ஏட்டி, இங்க வந்து பாரு."

வாடிய கொத்தின் காலடியில், நகக்கண் அளவுக்கு, ஒரு பச்சை முளை.

உலகம்மை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு காலமாக அடக்கி வைத்திருந்த மூச்சோ, நீளமாக வெளியே வந்தது. சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி சிரித்தாள். பிழைத்துவிட்டது. வம்சம் பிழைத்துவிட்டது. அந்த முளை வளர்ந்து பூத்து, அதன் காலடியில் அடுத்தது வந்து, சட்டி கொள்ளாமல் போனபோது, ஒரு கொத்தை எடுத்துப்போய் மலையில் அந்தப் பாறை இடுக்கிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பிற்காலத்தில் பார்த்தவர்கள் கிண்ணத்தைச் செருப்பு என்று நினைத்து அதற்குச் செருப்பு ஆர்க்கிட் என்று பேர் வைத்துவிட்டார்கள், அவர்களை என்ன சொல்ல! அன்று முதல்தான் அந்தப் பூ கீழே கிண்ணம் ஏந்தி, மேலே கை மறித்தபடியே பூக்கிறது. முதன்முதலாக அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களும், ஆசை எவ்வளவு இருந்தாலும், செம்பைக் கீழே வைத்துவிட்டு முதலில் விரலை விட்டுப் பார்க்கிறார்கள்.