சீசாவில் ஒட்டிய சொல்

வெகுகாலத்துக்கு முன்னே செங்கானூர்ப் பாளையத்தைக் கஞ்சய பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தது அந்த நொடியே நடக்க வேண்டும் அவருக்கு. அவர் உண்பதை முதலில் ருசி பார்க்கும் வேலை கருத்தாண்டியுடையது. அவன் அடிக்கும் கேலிக்கு ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அனந்தப்பருக்கு அதில் ஒரே வயிற்றெரிச்சல். பாளையத்தில் இங்கிலீஷ் படித்தவர் தாம் ஒருவரே என்ற தலைக்கனம் வேறு!

ஒருநாள் வெள்ளைக்காரக் கேப்டன் ஒரு பெட்டி அனுப்பினான். ராஜா கேட்டிருந்த திராட்சை மதுவும், அரண்மனைக் கதவை அரிக்கும் கரையானுக்கு மருந்தும் அதில் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரிச் சீசா. ராஜா ஒன்றை எடுத்து நீட்டினார்.

"என்னய்யா எழுதியிருக்கு?"

"லீத்தல்" என்று படித்தார் அனந்தப்பர். அர்த்தம் தெரியாது. அதைச் சபையில் ஒத்துக்கொள்ள வாய் வருமா? "உயர்ந்த ரகம் என்று அர்த்தம், மகாராஜா!"

"அப்படியா! கருத்தாண்டி, குடி!"

நெடி மூக்கில் ஏறியதுமே கருத்தாண்டிக்குப் பகீரென்றது. வீட்டில் நாலு பிள்ளைகள். மாட்டேன் என்றால் தலை போகும். குடித்தால் உயிரே போய்விடுமோ என்று பயம்.

"மகாராஜா, சமைச்சவரும் என்னோட ஒரு வாய் சாப்பிடணும்கிறது நம்ம வழக்கமாச்சே?"

"சமைத்தவன் சீமையில் அல்லவா இருக்கிறான்!"

"அங்கே சமைச்சது எனக்கு எட்டாதுங்க. தமிழ்ல சமைச்சுக் கொடுத்தவர் இதோ நிக்கிறாரே."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "நியாயம்தான். இரண்டு கிண்ணம்!"

அனந்தப்பர் கிண்ணத்தை உதடு வரை கொண்டுபோனார். கருத்தாண்டியும் கொண்டுபோனான், அவர் முகத்தைப் பார்த்தபடியே. துபாஷிக்கு வேர்த்துக் கொட்டியது. "அகராதியை ஒருதரம் பார்த்துவிடுகிறேன்" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் புரட்டினார். முகம் வெளுத்தது.

"உயிரை வாங்கக்கூடிய... என்று போட்டிருக்கிறது."

"எதற்கெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்வார்கள்?"

"விஷத்துக்கு, ஆயுதத்துக்கு, பிழைக்க முடியாத காயத்துக்கு..."

"மதுவுக்கு?"

"இந்தப் புத்தகத்தில் இல்லை, மகாராஜா."

ராஜா எழுந்து வந்தார். துபாஷியின் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றிக் கருத்தாண்டியின் தலையில் வைத்தார். "பிழைத்தோம்! என்ன வேண்டும், கேள்."

"தொண்டை வறண்டு போச்சுங்க. ஒரு சொம்பு தண்ணி போதும்."

தண்ணீர் வந்தது. கருத்தாண்டி வாங்கவில்லை.

"முதல்ல துபாஷியார் ஒரு வாய் குடிச்சுப் பார்க்கட்டும்ங்க."