நண்டின் பழைய வளைகள்

காட்டு மடு ஒன்றில் ஒரு நீர்நாய் தன் குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. மடு வற்றப்போகிறது என்ற பேச்சு அந்தக் கோடையில் எங்கும் உலவியது. வற்றுமானால், மடுவிலிருந்து ஆற்றுக்குப் போகும் ஓடையில் ஈரம் இருக்கும்போதே குட்டிகளை அவ்வழியே கொண்டுபோய்விட வேண்டும். ஓடை காய்ந்துவிட்டால் அந்தச் சுடுமணலைப் பிஞ்சுக் கால்கள் தாண்டமாட்டா. வற்றாதென்றாலோ, நரிகள் திரியும் அவ்வழியில் வீணாக இறங்குவது பேதைமை.

நாலு பேரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று நீர்நாய் கிளம்பியது.

முன்பு தன் வயிறு நனைந்த இடத்தில் இப்போது முழங்கால்தான் நனைகிறது என்றது காட்டெருமை. கொக்குகள் சிரித்தன. எருமைக்கு நின்ற இடம் எங்கே நினைவிருக்கப் போகிறது என்று கேலி பேசின. மலையில் மழை இறங்கிவிட்டது, மடு நிரம்பிவிடும் என்று ஒவ்வொரு கொக்கும் அடித்துச் சொன்னது.

நண்டு வளையைவிட்டு வெளியே வரவில்லை. நண்டைக் கண்டால் நீர்நாய்க்கு நாவூறும் என்பது அதற்குத் தெரியும்.

“கிட்டே வராதே அக்கா, அங்கிருந்தே கேள். நீர் குறையவே இல்லை. என் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் எப்போதும் நிற்கிறது.”

நீர்நாய்க்குத் தலை சுற்றியது. வற்றுகிறது என்றது ஒரு குரல். இல்லை என்றவை ஒரு கூட்டம். ஆனால் எருமையும் பொய் சொல்லாது, நண்டும் சொல்லாது. இரண்டும் எப்படி மெய்யாகும்? ஒரு குட்டியைக் கவ்வி ஓடைவரை போயிற்று. திரும்பி வந்து இறக்கிவிட்டது. மறுபடியும் கவ்விற்று, மறுபடியும் இறக்கிற்று.

கடைசியில் கொக்குகளிடம் திரும்பிச் சென்று, மழையைக் கண்ணால் கண்டது யார் என்று கேட்டது. ஒவ்வொன்றும் பக்கத்துக் கொக்கைக் காட்டியது. கடைசிக் கொக்கு, தான் கண்டது ஒரு கருமேகம் மட்டுமே என்று முனகியது. அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே குரல். அதுவும் அரைக் குரல்.

பிறகு நண்டிடம் வந்தது.

“தம்பி, போன பௌர்ணமியிலும் இதே வளையில்தான் இருந்தாயா?”

“நன்றாகக் கேட்டாய்! வாசலில் நீரில்லாமல் குடியிருக்க முடியுமா? நீர் இறங்க இறங்க நானும் இறங்கி வந்து தோண்டிக்கொள்வேன். பழைய வளைகள் மேலே கிடக்கின்றன, போய்ப் பார்.”

நீர்நாய் ஏறிப் பார்த்தது. கரைச் சரிவெங்கும் கைவிட்ட வளைகள். எல்லாவற்றுக்கும் மேலே, நாவல் மரத்து வேரடியில், சருகு மூடிய ஒன்று. முன்னொரு நாள் அதன் வாசலிலும் நீர் நின்றிருந்தது. எருமை சொன்னதை நண்டின் வீடுகளே மெய்ப்பித்தன.

நீர்நாய் குட்டிகளை அழைத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. மணல் இன்னும் ஈரமாகவே இருந்தது.

“நீர்தான் இருக்கிறதே, எங்கே அக்கா போகிறாய்?” என்றது நண்டு.

“உன் வாசலில் இருக்கிறது தம்பி. மடுவில்தான் இல்லை. நீயும் வா, இன்றைக்கு உன்னைத் தின்னமாட்டேன்.”

நண்டு வரவில்லை.

ஆதலால் மாந்தரே, பலர் சொல்லக் கேட்கும்போது தலைகளை எண்ணி முடிவு செய்யாமல், ஒவ்வொருவரும் எங்கே நின்று எதைக் கண்டார் என்று விசாரித்து, அனைத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தே உண்மையைத் தெளியுங்கள்.