பன்னிரண்டு குஞ்சுகளின் வலது கண்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: ஆசிரியர் தமயந்தி. அவரைவிட நாலு வயது மூத்தவளும், ஒன்பது வருடமாக அவரிடம் வேலை கற்பவளுமான சங்கரவடிவு. எட்டு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த பிரிட்டோ. இரண்டு கூண்டுகளில் ஆறு ஆறாகப் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள்.

குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை எப்படி வருகிறது என்று அறியத்தான் குஞ்சுகள். பன்னிரண்டுக்கும் வலது கண்ணில் மங்கலான பிளாஸ்டிக் மூடி. வெளிச்சம் உள்ளே போகும்; உருவம் எதுவும் தெளியாது. முதல் கூண்டுக்கு நாள் முழுவதும் மூடி. இரண்டாம் கூண்டுக்குத் தினம் இரண்டு மணி நேரம் மூடியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றுவது வடிவின் பொறுப்பு. கண் நீள நீளக் கிட்டப்பார்வை கூடும்; அந்த நீளத்தை ஆசிரியரும் பிரிட்டோவும் உள்ளறையில் அளப்பார்கள்.

அந்த உள்ளறைதான் வடிவின் நெஞ்சில் முள்ளாக இருந்தது. கதவில் பனி படர்ந்தாற்போன்ற கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நிழல்கள். ஒன்று குனியும், மற்றது தலையசைக்கும்.

முதலில், ஏதோ சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்தாள். பிறகு, எனக்குச் சொல்லாததைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்தாள். போன வாரம் மேடத்துக்கு மாற்றல் என்று தெரிந்ததும், போகும்போது கூடத்தை அவனிடம்தான் ஒப்படைக்கப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் இரண்டாம் கூண்டின் மூடிகளைக் கழற்றவில்லை. அளவு பிசகட்டும். அவன் முகம் கறுக்கட்டும்.

பிரிட்டோ வியர்த்துப்போய் வெளியே வந்தான்.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன் மேடம். ரெண்டு கூண்டுலயும் கண்ணு ஒரே மாதிரி நீண்டு கெடக்கு."

"எட்டு மாசம் உள்ளயே உக்காந்தும் தம்பிக்குக் கை படியல போல," என்றாள் வடிவு.

"நீங்க அளந்தா சரியா வரும்னு மேடம்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் அக்கா."

குத்துகிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது.

ஆசிரியர் இரண்டாம் கூண்டிலிருந்து ஒரு குஞ்சை எடுத்தார். மூடியின் விளிம்பில் தீவனத் தூசி அப்பி இறுகியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். குஞ்சைத் திரும்பக் கூண்டில் விட்டார்.

பிரிட்டோ தண்ணீர் மாற்றப் போனான். வடிவுக்குத் தாளவில்லை.

"ஒன்பது வருஷம் மேடம். ஒரு நாளாவது என்னை உள்ள கூப்பிட்டீங்களா?"

"மூடி போட்ட கண்ணு ஏன் நீளுது வடிவு?"

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன கேக்கறீங்க!"

"சொல்லுங்க."

"மங்கலா தெரியறதால."

"மங்கலா தெரிஞ்சா சும்மா இருக்க வேண்டியதுதானே?"

"விழித்திரை சும்மா இருக்காது மேடம். தெளிவு தனக்குப் பின்னால எங்கயோ இருக்குங்கற மாதிரி, கண்ணைப் பின்பக்கமா வளர வைக்கும்."

"எதுவரைக்கும்?"

"மூடி இருக்கறவரைக்கும் அதுக்கு எல்லையே கிடையாது. எவ்வளவு நீண்டாலும் மங்கல்தானே..."

வடிவு நிறுத்திக்கொண்டாள்.

"தினம் ரெண்டு மணி நேரம் கழற்றினா?"

"பாக்கி நேரம் பூரா மூடியிருந்தாலும், அவ்வளவா நீளாது."

ஆசிரியர் உள்ளறைக் கதவை விரியத் திறந்தார். "வாங்க. பிரிட்டோ, நீங்களும்."

பிரிட்டோ ஒரு குஞ்சைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். அது அவன் சட்டைக் கையில் எச்சமிட்டது. ஆசிரியர் கருவியில் குனிந்து ஒரு எண்ணைச் சொன்னார். அவன் தலையசைத்து எழுதினான். அடுத்த குஞ்சு. அடுத்த எண். மறுபடியும் தலையசைப்பு. வடிவு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவுதானா?"

"சில நாள் தும்முவார்," என்றார் ஆசிரியர்.

"இறகு மூக்குல ஏறிடுது அக்கா," என்றான் பிரிட்டோ, குற்றம் செய்தவன்போல.

"என்னை ஏன் மேடம் கூப்பிடல?"

"இந்தக் கதவு பூட்டியிருந்த நாள் ஒண்ணு சொல்லுங்க."

வடிவு எழுந்து நின்று சொன்னாள்:

"தம்பி அளந்ததுல தப்பில்ல. நான்தான் மூடியக் கழற்றல."

பிரிட்டோ குஞ்சைக் கீழே விடாமல் இருந்ததே பெரிது. "ஏன்க்கா?" என்றான். அவள் அவனை நேராகப் பார்த்தாள். நெற்றி நிறைய வியர்வையும், உறக்கமில்லாத கண்களுமாக இருந்தான். இத்தனை மாதத்தில் அந்த முகத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"மேடம், நீண்ட கண்ணு திரும்புமா?"

"குஞ்சா இருக்கும்போதே கழற்றினா திரும்பும். சோதனைதான் கெட்டுப்போச்சே. எல்லாத்தையும் கழற்றிடுங்க."

வடிவு கூண்டருகே உட்கார்ந்தாள். தூசியை ஈரத்துணியால் துடைத்து ஒவ்வொரு மூடியாக நோகாமல் எடுத்தாள். மூடி நீங்கிய குஞ்சு ஒவ்வொன்றும் தலையைச் சாய்த்து அந்தக் கண்ணால் அவளைப் பார்த்தது. ஏழாவது மூடியை எடுத்ததும் அவள் கை நின்றது.

"மேடம், இனிமே இந்தக் கூடத்த... யார்கிட்ட..."

"இன்னும் அஞ்சு கண்ணு இருக்கு வடிவு," என்றார் ஆசிரியர்.